பழைய ஜீப்பில் அறுத்துப் போட்ட கம்பிகளைத் தேடுவது எப்படி?

மாயவரம் பக்கமோ மன்னார்குடி பக்கமோ, வைக்கோல் மூடிக் கிடந்த பழைய மகிந்திரா ஜீப் கைக்கு வந்துவிட்டதா? சரி, உடனே பெயிண்ட் கடைக்கு ஓடாதீர்கள். மிதியடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டார்ச் அடித்துத் தரைத் தகட்டைப் பாருங்கள்.

நான் சொல்வது சிஜே-3பி வகை. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வந்த வண்டி, இங்கே அதற்கப்புறமும் வெகுகாலம் செய்தார்கள். தரையிலிருந்து மூன்று கம்பிகள், அதாவது கையால் தள்ளுகிற லீவர்கள், எழும்ப வேண்டும்: கியருக்கு ஒன்று, முன்சக்கரத்துக்கும் எஞ்சின் விசை கொடுக்கிற முன்சக்கர டிரைவுக்கு ஒன்று, ஹை-லோ (சாதா ஓட்டம், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஓட்டம்) மாற்ற ஒன்று. டீசல் எஞ்சின் ஏற்றும்போது கடைசி இரண்டையும் அறுத்து, ஓட்டையைத் தகரம் வைத்து வெல்டிங் அடித்துவிடுவார்கள். என் வண்டியையும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து, முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற முன் புரொப்பல்லர் ஷாப்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒட்டுத் தகரம் தெரிந்தால் கம்பி இருந்த இடம் அதுதான். இருக்கிற கம்பி அடியிலிருந்து நுனிவரை ஒரே கனமாக, நடுவில் வெல்டிங் முடிச்சோடு இருந்தால் அது லேத் பட்டறைச் சரக்கு.

கம்பிகள் அசையவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். முன்சக்கர டிரைவுக் கம்பி, ஹை-லோ கம்பி இரண்டும் டிரான்ஸ்பர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) மேல் ஒரே பின்னில்தான் ஆடும், அந்தப் பின்னில் நம் வண்டல் சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, பூட்டுத் திருகைக் கழற்றிவிட்டுப் பின்னை மெதுவாகத் தட்டி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது கிரீஸ் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. லோ விழவில்லை என்று பயப்பட வேண்டாம், முன்சக்கர டிரைவைப் போடாமல் லோ விழக்கூடாது என்றே உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதை உடைந்த பாகம் என்று நினைத்துக் கழற்றியவர்களும் உண்டு.

டேஷ்போர்டுக்குக் கீழே டி வடிவக் கைப்பிடி இருந்தால் அதுதான் ஹேண்ட் பிரேக். அது சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருக்கிற டிரம்மைப் பிடிக்கும். எவ்வளவு இழுத்தும் வண்டி நிற்காவிட்டால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் ஆயில் சீலைப் பாருங்கள், அது கசிந்து லைனிங் ஊறிப்போயிருக்கும். கிளச்சுக்கு இடப்பக்கம் தரையில் இருக்கிற குமிழ் ஹெட்லைட் டிம்மர். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

டேஷ்போர்டில் இழுக்கிற சோக், ஹேண்ட் திராட்டில் (கையால் இழுக்கிற ஆக்சிலரேட்டர்) இரண்டுக்கும் சைக்கிள் பிரேக் வயரைக் கோத்திருப்பார்கள். நின்ற இடத்தில் எஞ்சினை ஒரே வேகத்தில் ஓட்டி பம்பு இழுக்கத்தான் ஹேண்ட் திராட்டில், அதனால் டெல்டா வண்டியில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவற்றின் இழுப்புக் குமிழ் உடைந்திருந்தால் கறுப்புக் குமிழையே தேடுங்கள். நாச்சியார்கோவிலில் பித்தளையில் வார்த்து மாட்டினால் பளபளக்கும், ஆனால் குத்துவிளக்கை ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் மாட்டியபின் கொள்ளிட மணலிலோ சேற்றிலோ சோதியுங்கள். தார் ரோட்டில் நாலு சக்கர டிரைவைப் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு, டிரைவை விடுவிக்கக் கம்பி நகராது. அப்படி மாட்டிக்கொண்டால் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்கள், தானாக இளகிவிடும்.