பேக்கிங்குக்கு எந்தப் பூரிக்கட்டை, எந்தப் பலகை?

குக்கி, பை (pie, உள்ளே பூரணம் வைத்துச் சுடுவது), டார்ட் (tart, மேல்மூடி இல்லாத பை) எதுவானாலும் மாவு ஒரே கனத்தில் தேய்ந்திருக்க வேண்டும். கனம் மாறினால், மெல்லிய இடம் கருகிவிடும். தடித்த இடம் வேகாமல் நிற்கும். அதற்கு முதல் தேவை சரியான கட்டையும் சரியான தளமும்தான்.

படி 1: நீளம்

23 செ.மீ. பை தட்டுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. வட்டம் தேய்க்க வேண்டியிருக்கும். கட்டை மாவைவிடக் குட்டையாக இருந்தால் அதன் முனைகள் மாவில் அழுந்தி வரிவரியாகத் தடம் விழும். எனவே 40 முதல் 45 செ.மீ. நீளம், 4 முதல் 5 செ.மீ. விட்டம் உள்ளதாக வாங்குங்கள். கைப்பிடி வைத்ததென்றால் கைப்பிடியை விட்டுவிட்டு உருளையை மட்டும் அளக்கவும்.

படி 2: வடிவம்

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கைப்பிடியில்லாத, முனை முதல் முனை வரை ஒரே பருமனுள்ள மரக்கட்டையே நல்லது. உள்ளங்கை நேராகக் கட்டையின் மேல் இருப்பதால் மாவு எங்கே தடிப்பாக இருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். முனை குறுகிய கட்டை வட்டம் தேய்க்க அருமையானது. ஆனால் பழக்கம் வேண்டும். சுழலும் கைப்பிடி கெட்டி மாவுக்கு உதவும். அதன் இடுக்கில் மாவு சேரும் என்பதுதான் தொல்லை.

வாங்கும் முன் சமமான மேசையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினாலோ அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ அது வளைந்த கட்டை. வேண்டாம்.

மார்பிள், உலோகக் கட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால், ஈரமான காற்றில் அவற்றின் மேல் நீர் பூத்து மாவு ஒட்டும். துடைத்துத் துடைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

படி 3: தளம்

கட்டையைவிட இதில்தான் அதிக கவனம் தேவை. வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நெகிழத் தொடங்கும்; 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். பை மாவில் வெண்ணெய் துண்டு துண்டாக இருந்தால்தான் அடுக்கடுக்காக வரும். உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு வராது.

மார்பிளும் கிரானைட்டும் மாவிலுள்ள சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆனால் அறையே 32 டிகிரியில் இருந்தால் கல்லும் அதே சூட்டில்தான் இருக்கும். அப்போது ஐஸ் நிரப்பிய தட்டைக் கல்லின் மேல் 10, 15 நிமிடம் வைத்தெடுத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்த பிறகு மாவு தூவுங்கள்.

ஈஸ்ட் மாவுக்கு மரப்பலகை பொருந்தும். மாவைச் சீக்கிரம் குளிரவிடாது. சிலிக்கான் விரிப்பில் ஒட்டல் குறைவு, ஆனால் அதன் மேல் கத்தி படக்கூடாது. இளகிய குக்கி மாவுக்கோ இரண்டு பேக்கிங் காகிதங்களுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பதை மிஞ்ச எதுவுமில்லை. காகிதத்தோடு அப்படியே தட்டுக்கு மாற்றிவிடலாம்.

பலகை 45 × 60 செ.மீ. இருந்தால் தாராளம். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

படி 4: கனம்

மாவின் இருபுறமும் ஒரே தடிப்புள்ள சட்டங்களை வைத்து, கட்டையின் முனைகள் அவற்றின் மேல் உருளும்படி தேய்க்கவும். பை மாவுக்கு 3 மி.மீ., அச்சில் வெட்டும் குக்கிக்கு 6 மி.மீ. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் மாவைக் கால் வட்டம் திருப்புங்கள். திருப்ப வராவிட்டால் அடியில் ஒட்டியிருக்கிறது. மெல்லத் தூக்கி மாவு தூவவும்.

மரக்கட்டையை ஊறப்போட்டால் வளையும், வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். உணவுத் தர மினரல் ஆயில் அவ்வப்போது பூசலாம். சமையல் எண்ணெய் பூசினால் நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும்.