சங்கத்தின் நோக்கத்தைத் திருத்துகிறீர்களா? கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்

போன மாதம் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்தார்கள். கையில் தாத்தா காலத்துச் சங்கத்தின் சட்டவிதி. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து, அங்கே இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். நோக்கம் மட்டும் இன்னும் ‘தோட்டத் தொழிலாளரின் ஈமச்சடங்குக்கு உதவுதல்’. அதை எடுத்துவிட்டு, வசதி குறைந்த மாணவரின் கல்விக்கு உதவுவது என்று அழகாக எழுதியிருந்தார்கள். படித்ததும் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

கூட்ட அறிவிப்பு, கோரம் இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். நோக்கத்தைத் திருத்தும்போது செய்யும் தவறுகளுக்கு நேராக வருகிறேன்.

நோக்கத்தை மட்டும் மாற்றுவது

பட்டர்வொர்த்தில் நான் செயலாளராக இருந்தபோது நோக்கப் பகுதியை மூன்று மாதம் செதுக்கினோம். பொதுக்கூட்டம் ஏற்றது, சங்கங்களைப் பதிவுசெய்யும் பதிவிலாகாவும் ஒப்புதல் தந்தது, சரி, இனி மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் விண்ணப்பித்து நன்கொடையாளருக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்கலாம் என்று போனால், விண்ணப்பம் திரும்பி வந்தது. சட்டவிதியின் எட்டாம் பக்கத்தில் ‘உதவி பெறத் தகுதியுடையோர்: சந்தா பாக்கியில்லாத உறுப்பினரும் அவர்தம் பிள்ளைகளும்’. அதற்கும் பின்னால், சங்கம் கலைந்தால் மீதிப் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாமாம். முன்பக்கத்தில் ஊருக்கு நன்மை, பின்பக்கத்தில் நமக்குள் பங்கு!

‘உறுப்பினர் பிள்ளைகளே ஐந்நூறு பேர், அது பொதுமக்கள் இல்லையா?’ என்று பொருளாளர் சண்டைக்கு நின்றார். 1951இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதே மாதிரி ஒரு வழக்கைப் பார்த்தது. ஒரு புகையிலை நிறுவனத்தின் ஊழியர் பிள்ளைகளுக்கான கல்வி அறக்கட்டளை. ஊழியர்களே 1,10,000 பேருக்கு மேல். அறப்பணி இல்லை என்று தீர்ப்பு. தலைக்கணக்கு பெரிதாக இருந்து என்ன, உள்ளே வர ஒரே முதலாளியின் உறவு வேண்டுமென்றால் அது பொது இல்லை.

மறுபடி பொதுக்கூட்டம், மறுபடி பதிவிலாகா. ரசீதுக்காகக் காத்திருந்த, பிறை ஊர்த் தொழிற்சாலைக்காரர் பணத்தை வேறிடத்தில் கொடுத்துவிட்டார். அந்த வருடம் பாலிடெக்னிக் போன இரண்டு பிள்ளைகளுக்கு என் கைக்காசு.

இப்போது நான் செய்வது இதுதான்: சிவப்புப் பேனாவை எடுத்து ‘உறுப்பினர்’ என்று வரும் இடமெல்லாம் வட்டம் போடுவேன். அங்கே அவர் பணம் கட்டுகிறாரா, ஓட்டுப் போடுகிறாரா, உதவி வாங்குகிறாரா? முதல் இரண்டும் பரவாயில்லை. வாங்குகிறார் என்றால் அந்த வரியைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

ஒப்புதலுக்கு முன்பே செலவு

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாருங்கள். கை தூக்கியதோடு வேலை முடியவில்லை. 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஒப்புதல் வரும்வரை பழைய விதிதான் விதி. அதுவரை புதிய நோக்கத்துக்குப் பணத்தை எடுக்காதீர்கள்.

கல்வி, கலை, முதியோர், விளையாட்டு, கோசாலை எல்லாவற்றையும் சேர்ப்பது

வேண்டாம்.

பழைய சந்தாக்காரர்களை மறப்பது

முப்பது வருடம் ஈமச்சடங்கு நிதிக்கென்றே கட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வரைவை எழுதும் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கூட்டத்தில் முதன்முறையாகக் கேட்டால் மைக்கைப் பிடுங்குவார்கள்.

அந்த மூன்று பேரும் டீ ஆறுவதற்குள் பதினொரு வட்டம் போட்டார்கள். அதில் நான்கு ‘வாங்குகிறார்’.