அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ்: எங்கெல்லாம் சறுக்குகிறது

‘அமெரிக்க லைசென்ஸ்’ என்று ஒன்று கிடையாது. 1945-இல் கனெக்டிகட் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1977-இல் மிசௌரி கடைசியாக வந்து சேர்ந்தது. இடையிலிருந்த 32 ஆண்டுகளில் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் ஒரு சட்டம் எழுதிக்கொண்டது. அதனால் பட்டம், பயிற்சி நேரம், தேர்வு, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் சொல் என எல்லாமே இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் பிறக்கின்றன: எந்த மாநிலம் என்று முடிவு செய்யாமலே படிப்பையும் பயிற்சியையும் தொடங்கிவிடுவது. எல்லாம் முடிந்த பிறகு விதியைப் புரட்டினால், நான்கு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று அதில் காத்திருக்கும்.

எம்.ஃபில். இருக்கிறதே, போதாதா?

போதாது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். முடித்து, மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. அமெரிக்காவில் தனித்துத் தொழில் செய்யும் சைக்காலஜிஸ்டுக்குப் பொதுவான நுழைவுத் தகுதி முனைவர் பட்டம். முதுநிலைப் பட்டத்தோடு உள்ளே விடும் மாநிலங்கள் மிகச் சில. மேற்கு வர்ஜீனியாவும் வெர்மான்ட்டும் விடுகின்றன; கான்சஸ், கென்டக்கி, டெக்சஸ் வேறு பெயரில் விடுகின்றன. டெக்சஸில் அந்தப் பெயர் ‘சைக்கலாஜிக்கல் அசோசியேட்’. அங்கிருந்து வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த லைசென்ஸ் கூடவே வராது. ஆலோசனைப் பணிதான் நோக்கம் என்றால் கவுன்சலர் லைசென்ஸ் என்ற தனி வழி இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு 60 செமஸ்டர் கிரெடிட் கொண்ட முதுநிலைப் படிப்பு வேண்டும். ஐந்தாறு வருட முனைவர் படிப்பில் இறங்கும் முன் இதையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தியப் பிஎச்.டி. வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு. பட்டத்தை மதிப்பிடும் நிறுவனம் ‘அமெரிக்க முனைவர் பட்டத்துக்கு நிகர்’ என்று எழுதித் தந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. அந்தத் தாள் சொல்வது பட்டத்தின் உயரத்தை மட்டும். லைசென்ஸ் தரும் மாநில வாரியம் கேட்பது உள்ளடக்கத்தை: எந்தெந்தப் பாடங்கள், எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி, முறையான இன்டர்ன்ஷிப் இருந்ததா? நம் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. பெரும்பாலும் ஆய்வேட்டைச் சுற்றியே நடப்பதால் இந்தக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

மதிப்பீடு வாங்கும்போது பாடவாரியான அறிக்கைதான் வேண்டும். விலை குறைவு என்று பொது அறிக்கை வாங்கினால் இரண்டாம் முறை பணம் கட்ட நேரும். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தை ஏற்போம் என்பதையும் வாரியமே சொல்லியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் பாடத்திட்டப் பிரதிகளைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அல்லது பதிவாளர் முத்திரையோடு இரண்டு மூன்று செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து, மாறிப்போன பாடத்திட்டத்தின் பழைய பிரதியை அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தேடுவது லேசான வேலை இல்லை. தற்காலிகச் சான்றிதழோடு நிறுத்திவிடாமல் பட்டச் சான்றிதழையும் கையில் வாங்கிவிடுங்கள்.

பெயரும் ஒரு தொல்லை. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கலைவாணி’, பாஸ்போர்ட்டில் கலைவாணியோடு அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒருவர்தான். வாரியத்துக்கு மூன்று பேர். தேர்வு மையத்திலும் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். முதல் விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட் பெயரைப் போட்டு, மற்றவற்றுக்கு உறுதிமொழிப் பத்திரம் இணைத்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

அங்கீகாரம் ஒன்றல்ல, இரண்டு

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்பது வேறு. கலிஃபோர்னியா முதலாவது இருந்தாலே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். ஃப்ளோரிடா இரண்டாவதை, அல்லது அதற்கு ஒப்பான படிப்பை எதிர்பார்க்கும். கலிஃபோர்னியாவில் செல்லுபடியான பட்டம் ஃப்ளோரிடாவில் முட்டிக்கொண்டு நிற்பது இப்படித்தான். முழுக்க ஆன்லைனில் நடக்கும் ‘பொது உளவியல்’ முனைவர் படிப்புகள் பலவும் லைசென்ஸுக்காக வடிவமைக்கப்பட்டவையே அல்ல. விளம்பரத்தில் அது பெரிய எழுத்தில் வராது.

சேரும் முன் ஒரு பக்கத்தைத் தேடிப் படியுங்கள். 2020 ஜூலை முதல், லைசென்ஸுக்கு இட்டுச்செல்லும் படிப்பு என்று சொல்லி நடத்தும் கல்லூரிகள், அது எந்தெந்த மாநில விதியைப் பூர்த்தி செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பட்டியலிட்டுக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. எங்காவது ‘தீர்மானிக்கவில்லை’ என்று இருந்தால் அதை ‘ஆம்’ என்று வாசித்துவிடாதீர்கள்.

மணிக்கணக்கு

அதிகம் இழப்பு நேர்வது இங்கேதான். கலிஃபோர்னியா கேட்பது 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி. அதில் குறைந்தது 1,500 மணி முனைவர் பட்டத்துக்குப் பிறகு. நியூயார்க்கும் டெக்சஸும் 3,500. ஃப்ளோரிடா 4,000. வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்கள் பட்டத்துக்குப் பிந்தைய வருடத்தையே கட்டாயமாகக் கேட்பதில்லை. படிக்கும்போதே சேர்த்த மணிகளால் நிரப்பிவிடலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி வாஷிங்டனில் லைசென்ஸ் வாங்கியவர் உடனே ஃப்ளோரிடாவுக்கு வீடு மாற்றினால் அந்த வருடம் கடனாக முன்னால் நிற்கும். எங்கே குடியேறப்போகிறோம் என்று தெரியாதவர், கடுமையான மாநிலத்தின் கணக்கையே இலக்காக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எண்ணிக்கையை விட நுணுக்கங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். மேற்பார்வை ஒப்பந்தம் பயிற்சி தொடங்கும் முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் வேலை நேரத்தில் 10 சதவீதம் மேற்பார்வையாக இருக்க வேண்டும்; அதில் ஒரு மணி நேரமாவது முதன்மை மேற்பார்வையாளரோடு நேருக்கு நேர், தனியாக. வாரத்துக்கு 44 மணிக்கு மேல் கணக்கில் ஏறாது. அந்த 10 சதவீதக் கணக்கில் 30 மணி வேலை பார்த்த வாரத்தில் 3 மணி மேற்பார்வை. ‘இந்த வாரம் சார் ஊரில் இல்லை, அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஏற்பாடு இங்கே எடுபடாது. தனியார் கிளினிக்கில் பயிற்சி என்றால் முதலில் சைக்கலாஜிக்கல் அசோசியேட் (டெக்சஸைப் போல லைசென்ஸ் அல்ல, இங்கே பயிற்சியில் இருப்பவருக்கான பெயர்) என்று வாரியத்தில் பதிவாக வேண்டும். பதிவு எண் வருவதற்கு முன் உழைத்த மணிகள் வீண்.

மணிக்குறிப்பேட்டை வாரந்தோறும் எழுதுங்கள். ஆறு மாதத்தை மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், எல்லா வாரமும் ஒரே மாதிரி 40 என்று வரும். அதைப் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வரும். ஓர் இடத்தில் பயிற்சி முடிந்த அன்றே சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவார், ஊர் மாறுவார், இறந்தும் போவார். வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் சான்று வங்கியில் இந்தப் படிவங்களை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். சமூகப் பணியாளர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவருடைய மேற்பார்வையை மட்டும் நம்பிச் சேர்த்த மணிகள் சைக்காலஜிஸ்ட் கணக்கில் சேருமா என்று முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது, இதை வாரியம் சொல்லாது. இன்டர்ன்ஷிப் வழக்கமாக முழுநேரம், 12 மாதம். அதைச் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை பார்க்கத் தரும்) அனுமதியில் முழு 12 மாதமும் செய்தால், படிப்பு முடிந்த பிறகு கிடைக்க வேண்டிய ஓபிடி என்ற வேலை அனுமதி பறிபோகும். ஓபிடி இல்லையென்றால் பட்டத்துக்குப் பிந்தைய மணிகளைச் சேர்க்க வேலை அனுமதி எங்கிருந்து வரும்? சிபிடி காலம் 12 மாதத்தைத் தொடாமல் ஒரு நாளாவது குறையும்படி தேதிகளை அமைக்க முடியுமா என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் முன்பே பேசிவிடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதையும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இபிபிபி

எல்லா மாநிலங்களும் பயன்படுத்தும் பொதுத் தேர்வு இதுதான். 225 கேள்விகள், 4 மணி 15 நிமிடம். மதிப்பெண் சேர்வது 175 கேள்விகளுக்கே. மீதி 50 சோதனைக்காக நுழைத்தவை, எவை என்று தெரியாது. மதிப்பெண் அளவு 200 முதல் 800 வரை. தனித்துத் தொழில் செய்யப் பரிந்துரைக்கப்பட்ட தேர்ச்சி 500. 450 என்ற எண்ணையும் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது மேற்பார்வையில் மட்டும் பணிபுரிபவர்களுக்கானது. கட்டணம் 600 டாலர், தேர்வு மையக் கட்டணம் தனி. 12 மாதத்தில் நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. சில மாநிலங்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

படிப்பதில் நேரும் தவறு, தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது. ஆய்வு முறைகளும் புள்ளியியலும் 7 சதவீதம்தான். மதிப்பீடும் நோய் கண்டறிதலும் 16, நெறிமுறையும் சட்டமும் 16, சிகிச்சை 15. புள்ளியியலில் புலியாக இருந்து நெறிமுறையில் கோட்டை விட்டால் எண்கள் கருணை காட்டாது.

‘2026 ஜனவரி முதல் இபிபிபியின் இரண்டாம் பகுதியும் (திறன் தேர்வு) கட்டாயம்’ என்று பழைய வழிகாட்டிகள் சில இன்னும் சொல்கின்றன. 2024 அக்டோபரில் கூட்டமைப்பு அந்தக் கட்டாயத்தை நிறுத்திவைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே சில மாநிலங்கள் இரண்டாம் பகுதியை ஏற்றிருந்தன. உங்கள் வாரியத்தின் தற்போதைய விதியை மட்டும் நம்புங்கள்.

இதற்கு மேல் மாநிலச் சட்டத் தேர்வும் உண்டு. ஒரு மாநிலத்தில் பாஸானவர் அடுத்ததை ஒரு வார இறுதியில் ஊதித் தள்ளலாம் என்று நினைப்பார். ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். நோயாளி ஒருவர் இன்னாரைக் கொல்லப்போகிறேன் என்று சொல்கிறார். 1976-இன் டராசாஃப் தீர்ப்புக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் அந்த நபரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1999-இல் அந்தக் கடமையை ஏற்க மறுத்துவிட்டது. அங்கே சட்டம் அனுமதிப்பது காவல்துறைக்கோ மருத்துவப் பணியாளர்களுக்கோ தெரிவிப்பதை. கலிஃபோர்னியாவின் சரியான விடை டெக்சஸில் ரகசியக் காப்பு மீறலாகலாம்.

திரையின் மறுபக்கம் யார், எங்கே

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு நேரும் தவறுகளில் பெரியது வீடியோ அமர்வு. சிகிச்சை எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்டால், மாநிலங்களின் பதில் ஒன்றுதான்: சிகிச்சை பெறுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில். சென்னையிலிருந்து நியூஜெர்சியில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு ஜூமில் சிகிச்சை தரும் ஆலோசகர், நியூஜெர்சி சட்டத்தின் எல்லைக்குள் கால் வைக்கிறார். ‘நான் இந்தியாவில் பதிவு செய்தவர்’ என்பது அங்கே பதிலாகாது. வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று பெயரை மாற்றிக்கொண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருவதும் தப்பிக்கும் வழி அல்ல. நீங்கள் செய்த வேலையைத்தான் வாரியம் பார்க்கும், பலகையை அல்ல.

அமெரிக்காவுக்குள்ளேயே மாநில எல்லை தாண்ட சைபேக்ட் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. 2020 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. இப்போது 40-க்கு மேற்பட்ட ஆட்சிப்பகுதிகள் உறுப்பினர். தமிழர்கள் அதிகம் வாழும் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேராமல் நிற்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறுப்பு மாநிலத்தில் லைசென்ஸ் இருப்பதாலேயே அனுமதி தானாக வந்துவிடாது. இ-பாஸ்போர்ட் சான்றுக்கு விண்ணப்பித்து, ஒப்பந்த ஆணையத்தின் அனுமதியும் பெற வேண்டும். நேரில் போய்ப் பணிபுரிவதற்கு வேறு சான்று. ஒரு மாநிலத்தில் வருடத்துக்கு 30 நாள். வீடியோ அமர்வின்போது நீங்கள் உங்கள் லைசென்ஸ் மாநிலத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் நிபந்தனை. கோடை விடுமுறைக்கு மதுரை வந்து அம்மா வீட்டு மாடியிலிருந்து அமர்வு நடத்துவது இந்த அனுமதிக்குள் அடங்காது.

ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ‘இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் எழுதுங்கள். சிகிச்சை பெறுபவர் தன் மகள் பட்டமளிப்புக்காகக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே போயிருக்கலாம். அப்படியானால் சைபேக்ட் உதவாது. ஆனால் வேறு மாநிலத்தின் முனைவர் நிலை சைக்காலஜிஸ்டுக்கு வருடத்தில் 30 நாள் வரை கலிஃபோர்னியா தன் சட்டத்திலேயே இடம் தருகிறது. நாட்களை எண்ணி வைப்பது உங்கள் பொறுப்பு.

புதுப்பித்தலில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, எண்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். தொடர்கல்வி கலிஃபோர்னியாவில் 2 ஆண்டுக்கு 36 மணி, நியூயார்க்கில் 3 ஆண்டுக்கு 36, டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் 2 ஆண்டுக்கு 40. விண்ணப்பத்தில் பழைய கைது பற்றிக் கேட்டால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். கைரேகை எடுக்கும்போது எல்லாம் வெளியே வரும், மறைத்தது அந்தப் பழைய சம்பவத்தை விடப் பெரிய குற்றமாகிவிடும்.