குன்னூர் ஈரத்தில் நின்ற வாட்ச்சுக்கு விகே63: என் அனுபவம்

குன்னூர் மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அப்பா கொடுத்த குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள) வாட்ச்சிலும் ஈரம் இறங்கி, சர்க்யூட்டில் பச்சை பூத்து நின்றுவிட்டது. கேஸ் (வெளிக்கூடு) மட்டும் நன்றாக இருந்தது. அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் மாற்ற முடிவு செய்தேன்.

ஈடிஏ 7750 மாதிரி, பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும் முழு மெக்கானிக்கல் இயந்திரம் நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. பேட்டரியில் ஓடும் சாதா குவார்ட்ஸ் மலிவுதான். ஆனால் குரோனோ முள் (ஸ்டாப்வாட்ச் வினாடி முள்) வினாடிக்கு ஒருமுறை துள்ளும், ரீசெட் அழுத்தினால் மோட்டார் அதைச் சுற்றிக் கொண்டுவரும். எனக்கு அது பிடிக்காது. செய்கோவின் விகே வரிசை இயந்திரங்களில் நேரம் குவார்ட்ஸ், ஸ்டாப்வாட்ச் பகுதி மெக்கானிக்கல். முள் வினாடிக்கு 5 அடி வைத்து வழுக்கிக்கொண்டு போகும். ரீசெட்டில் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் இதய வடிவ கேமை (முள்ளின் அச்சில் உள்ள தகட்டை) தட்ட, சட்டென்று 12-க்கு வந்து நிற்கும். அந்த ‘டக்’கைக் கேட்டாலே தெரியும்!

விகே64-இல் இரண்டு சிறு வட்டம்தான். 6 மணிப் பக்கம் ஓடும் வினாடி முள் வேண்டும் என்பதால் விகே63 எடுத்தேன். வாட்ச் ஓடுகிறதா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டாமா? பழைய டயல் உட்காராது. அதற்கென்றே வரும் டயலும் முட்களும் சேர்த்தே வாங்குங்கள்.

கடை அண்ணன் ரீசெட் செய்த பிறகே குரோனோ முள்ளைப் பொருத்தினார். அடியில் தாங்கல் வைத்து, நேராக, மெதுவாக அழுத்தினார். பின்மூடிக்குப் புது கேஸ்கெட் (ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), மெல்லிய சிலிகான் கிரீஸ். வெயில் அடித்த நாளில்தான் மூடச் சொன்னேன். பேட்டரி எஸ்ஆர்936எஸ்டபிள்யூ, சுமார் 3 வருடம் வரும்.