சில நாள் மட்டும் மக்கர் செய்யும் ஸ்கிரிப்ட்: எங்கே தேடுவது?

லினக்ஸில் பழைய ஃபைல்களை அழிக்கப் பலரும் எழுதும் வரி இது. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +7 | எக்ஸ்ஆர்க்ஸ் ஆர்எம்

ஏழு நாளுக்கு மேல் பழைய ஃபைல்களை ஃபைண்ட் தேடித்தரும், அந்தப் பெயர்களை எக்ஸ்ஆர்க்ஸ் வாங்கி ஆர்எம்மிடம் கொடுக்கும், ஆர்எம் அழிக்கும். வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும். திடீரென ஒரு நாள் பிழை காட்டும், மறுநாள் சரியாகிவிடும். உடனே டிஸ்க்கைச் சந்தேகப்படாதீர்கள். கட்டளை மாறவில்லை, அன்று வந்து சேர்ந்த ஃபைல்களின் பெயர்தான் மாறியிருக்கும்.

முதலில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் போங்கள். நிஜ ஃபைல்களில் சோதனை வேண்டவே வேண்டாம். 'வாட்ஸ்அப் இமேஜ் 2024-03-05 அட் 10.15.30.ஜேபெக்' என்று இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து, டச் கட்டளையால் ஒரு ஃபைல் உண்டாக்குங்கள். பிறகு ஆர்எம் இருந்த இடத்தில் எக்கோ போடுங்கள். அது எதையும் அழிக்காது, கொடுத்த பெயரைத் திரையில் காட்டும். ஃபைல் புதிது என்பதால் நாள் கணக்கு பார்க்கும் -எம்டைம் தேவையில்லை. -என் 1 என்றால் ஒரு தடவைக்கு ஒரு பெயர்.

ஃபைண்ட் . -டைப் எஃப் | எக்ஸ்ஆர்க்ஸ் -என் 1 எக்கோ

இருப்பது ஒரே ஃபைல், வருவதோ ஐந்து வரி:

./வாட்ஸ்அப்
இமேஜ்
2024-03-05
அட்
10.15.30.ஜேபெக்

எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டிவிடுகிறது. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று ஆர்எம் புலம்பினால் பிழைத்தோம். அதே ஃபோல்டரில் 'இமேஜ்' என்ற பெயரில் வேறு ஃபைல் இருந்தால், சத்தமில்லாமல் அது போய்விடும்.

பெயரில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தாலும் தகராறுதான். குறிக்கு ஜோடி இல்லை என்று சொல்லி எக்ஸ்ஆர்க்ஸ் நின்றுவிடும். -0 பயன்படுத்தலாம் என்று குனு பதிப்பின் (லினக்ஸில் வழக்கமாக இருப்பது) பிழைச்செய்தியே சொல்கிறது. யாரும் கடைசிவரை படிப்பதில்லை!

அழிக்க ஒன்றுமே இல்லாத நாளிலும் பிழை வரும். குனு எக்ஸ்ஆர்க்ஸ் வெறுங்கையோடு ஆர்எம்மை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றுக்கும் சேர்த்துத் தீர்வு:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +7 -பிரிண்ட்0 | எக்ஸ்ஆர்க்ஸ் -0 -ஆர் ஆர்எம்

யூனிக்ஸ் (லினக்ஸ், மேக் வகை) ஃபைல் பெயரில் சாய்கோடும் நல் பைட்டும் (மதிப்பு பூஜ்யமான பைட்) மட்டும்தான் வர முடியாது. -பிரிண்ட்0 அந்த நல் பைட்டையே பிரிப்பானாக வைக்கிறது, -0 அங்கே மட்டும் வெட்டச் சொல்கிறது. காலி நாளை -ஆர் பார்த்துக்கொள்ளும்.

அழிப்பது மட்டும்தான் வேலை என்றால் நான் எக்ஸ்ஆர்க்ஸ் பக்கமே போகமாட்டேன். ஃபைண்டின் -டெலீட் போதும். ஆனால் அது வரியின் கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் -எம்டைமைப் பார்க்கும் முன்பே எல்லாம் காலி. அதே இடத்தில் முதலில் -பிரிண்ட் போட்டு, பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.