மூட்டைக்குள் இருப்பது என்ன? நாட்டுக் கம்பளியில் ஃபெல்ட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வந்த ஐந்து பேரில் இருவர் ஆளுக்கொரு மூட்டைக் கம்பளியோடு வந்திறங்கினார்கள். மலிவாகக் கிடைத்தது என்று இருவருக்கும் பெருமை. மூட்டையின் வாயை அவிழ்த்ததும் எழுந்த வாடையிலேயே எனக்குச் சுருக்கென்றது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நான் பணத்தையும் பெயரையும் தொலைத்த அதே இடத்தில்தான் அவர்களும் காலை வைத்திருந்தார்கள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். கொதிக்கும் நீரில் கம்பளியைப் போட்டுக் கிளறக் கூடாது, துவைக்கும் எந்திரத்தில் சுழற்றக் கூடாது என்பவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். கம்பளி இழையின் மேற்புறத்தில், ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, சோப்பு, உருட்டல் ஆகிய நான்கும் சேரும்போது இழைகள் ஒரே திசையில் நகர்ந்து, ஒன்றோடொன்று சிக்கி, மறுபடி பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகின்றன. இப்படி நெய்யாமலே உருவாகும் கம்பளித் துணிதான் ஃபெல்ட். எண்ணெய் காணாத தலைமுடி சடைபிடிப்பதைப் போன்ற ஒன்று இது என்பதால், ஃபெல்ட் செய்வதை நாங்கள் சடைபிடிக்க வைத்தல் என்றே சொல்கிறோம். காஷ்மீரிலும், இராஜஸ்தானின் டோங்க்கிலும், குஜராத்தின் கட்சிலும் இம்முறையில் செய்யும் விரிப்புக்கு நம்தா என்று பெயர். நம் பக்கத்துக் கம்பளிக்குப் பழைய தொழில் நெசவுதான். ஆடு மேய்க்கும் குரும்பர் சமூகத்தார் நெய்து, புளியங்கொட்டைப் பசை ஏற்றி விறைப்பாக்கிய கறுப்புக் கம்பளிகளைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து முதியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பானிப்பட்டிலிருந்து வரும் மலிவு விலைப் போர்வைகள் அந்த நெசவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தேவை இல்லாமல் போன கம்பளியை வேறு வகையில் பயன்படுத்தத்தான் ஃபெல்ட் பக்கம் வந்தோம்.

ஆட்டின் மேல் இருப்பதெல்லாம் கம்பளி என்று எண்ணுவது

தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவை கம்பளி தருபவை அல்ல. மேச்சேரி, சென்னைச் சிவப்பு போன்றவை இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றவை. அவற்றின் உடலில் இருப்பது குட்டையான வழவழப்பு மயிர். அதை நாள் முழுவதும் உருட்டினாலும் சடைபிடிக்காது. கம்பளி வேண்டுமென்றால் கோயம்புத்தூர் பக்கத்துக் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை, கருநாடகம், தெலங்கானா, மகாராட்டிரம் எங்கும் பரவியிருக்கும் தக்காணி ஆகியவற்றைத்தான் நாட வேண்டும். நீலகிரி ஆட்டின் கம்பளி இவற்றினும் மென்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறும்பையோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளைக் கலந்து உருவான இனம் அது. எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்ட அந்த இனத்தை உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது. அதை நம்பி ஒரு தொழிலைத் தொடங்கும் அளவுக்குக் கம்பளி கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்காமல் மூட்டையாக வாங்குவது

2014-இல், விருந்தினர் விடுதி ஒன்றிலிருந்து இரண்டடி சதுரத்தில் நாற்பது இருக்கை விரிப்புகளுக்கு எனக்கு முன்பணம் வந்தது. அதுவரை ஒரே மேய்ப்பரிடம் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்று வாங்கி வந்த எனக்கு, முதன்முறையாக எண்பது கிலோ தேவைப்பட்டது. சந்தையில் அறிமுகமான ஒரு வியாபாரி, நான் வழக்கமாகக் கொடுக்கும் விலையில் ஏறத்தாழப் பாதிக்கு, அதுவும் கழுவிய கம்பளியாகவே தருவதாகச் சொன்னார். கழுவும் வேலையும் மிச்சம் என்று மகிழ்ந்து, மேல் மூட்டையில் மட்டும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, நான்கு மூட்டைகளையும் வண்டியில் ஏற்றினேன். வெளிர் நிறம், தூசு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. அந்தப் பிசுக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

சிக்கெடுத்து, நான்கு அடுக்காக விரித்து, சுடு சோப்பு நீர் தெளித்து, கோரைப்பாயில் சுருட்டி உருட்டினோம். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் தோல் போல இறுகத் தொடங்கும் விரிப்பு, இரண்டு மணி நேரம் ஆன பிறகும் ஊறிய பஞ்சு போலவே கிடந்தது. சூட்டைக் கூட்டினோம், சோப்பைக் கூட்டினோம், ஆளை மாற்றினோம். மூன்று நாள் உழைப்பில் தேறியவை ஆறு விரிப்புகள். அந்த ஆறும் காய்ந்த பின் தட்டினால் துண்டு துண்டாக இழை உதிர்ந்தது. என் கைப்பக்குவம் போய்விட்டது என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

நான்காம் நாள், வழக்கமாகக் கம்பளி தரும் மேய்ப்பர் வேறு வேலையாக வந்தவர், திண்ணையில் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். “இது கத்தரி பட்ட மயிரு இல்லம்மா. செத்த தோல்ல இருந்து வழிச்சது. சுண்ணாம்பு வாடை வருது பாருங்க” என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை போன்ற பாலாற்றங்கரை ஊர்களின் தோல் பதனிடும் தொழிலில், ஆட்டுத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த பசையைப் பூசுவது வழக்கமான முறை. அந்தப் பசையின் வேலையே மயிரின் வேரைத் தளர்த்தி, மயிருக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளை அறுப்பது. அங்கு வேண்டியது தோல், மயிர் கழிவு. ஆகவே பதனிடுபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பசை பட்ட இழையில் செதில்கள் சிதைந்துபோகின்றன, இழையும் வலுவிழந்துவிடுகிறது. சிக்கிக்கொள்ளச் செதில் இல்லாத இழையை எவ்வளவு உருட்டினால்தான் என்ன? மெத்தைக்குள் அடைக்கக்கூடிய சரக்கைக் கழுவிய கம்பளி என்று சொல்லி என்னிடம் விற்றவர் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதைவிட, மூட்டையின் அடி வரை கையை விடாத என்மீது கூடுதல் கோபம் உண்டு. அடி மூட்டையில் வெள்ளாட்டு மயிரும் கலந்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

இந்தச் சரக்கைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு சிறு கற்றையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கத்தரித்த கம்பளியில் ஒரு முனை வெயிலில் வெளுத்துக் கூராகவும், மறுமுனை ஒரே கோட்டில் மொட்டையாக வெட்டுப்பட்டும் இருக்கும். தோலிலிருந்து உருவியதில் வெட்டு முனையே இருக்காது. அதற்குப் பதில் வேரில் வெள்ளைப் பொட்டு போன்ற குமிழ் தெரியும். அடுத்து, கற்றையின் இரு முனைகளையும் இறுகப் பிடித்து, காதருகே கொண்டுவந்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல இழை நாண் போலத் தெறிக்கும். கெட்ட இழை சடசடவென்று அறும். இவற்றிலும் ஐயம் தீராவிட்டால், பத்துக் கிராம் எடுத்து உள்ளங்கை அளவில் விரித்து, சுடு சோப்பு நீரில் அரை மணி நேரம் உருட்டி, மேற்பரப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். விரிப்பு முழுவதும் கூடவே எழுந்தால் வாங்கலாம். இழை மட்டும் விரலோடு வந்தால் பணப்பையை மூடிவிடலாம். இந்தச் சோதனையை ஒவ்வொரு மூட்டையின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துச் செய்ய வேண்டும். வியாபாரி முகம் சுளித்தால் அதுவே ஒரு விடை.

ஆனால் இச்சோதனைகள் எல்லாம் இரண்டாம்பட்சம்தான். கம்பளியை மயிர் கத்தரிக்கும் களத்திலேயே வாங்குவதுதான் உண்மையான தீர்வு. தக்காணி மந்தைகளுக்குப் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். அந்த நாட்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு தார்ப்பாயும் ஐந்தாறு சாக்குகளும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போய்விடுங்கள். முந்தின நாள் ஆடுகளை ஏரியில் குளிப்பாட்டச் சொன்னால் பாதித் தூசு அங்கேயே போய்விடும். வெறுந்தரையில் கத்தரித்தால் நெருஞ்சி முள்ளும் நாயுருவி விதையும் கம்பளிக்குள் ஏறிக்கொள்ளும்; அவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிவரும். வயிறு, கால், வால் பகுதி மயிரைத் தனியாகவும், குட்டிகளின் முதல் கத்தரிப்பைத் தனியாகவும், கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று நிறவாரியாகவும் அங்கேயே பிரித்துவிடலாம். களத்தில் ஒரு மணி நேரம் செலவழித்துச் செய்யாத பிரிப்பை, கலந்த மூட்டையைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒரு வாரத்திலும் செய்து முடிக்க முடியாது.

கத்தரிக்கிறவரின் கூலி, கம்பளி விற்றுக் கிடைக்கும் காசைவிடக் கூடுதலாகிவிட்டதால், பலர் வெட்டிய கம்பளியை ஏரிக்கரையிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட தொடக்கக்காரர்கள் சிலர், எறியப் போவதுதானே என்று இலவசமாகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் அடுத்த முறை களத்தில் உங்களுக்காக யாரும் தார்ப்பாய் விரிக்க மாட்டார்கள். நான் கத்தரிப்புக் கூலியை முழுமையாக ஏற்றுக்கொண்டு, பிரித்த கம்பளிக்குக் கிலோவுக்குத் தனி விலையும் கொடுக்கிறேன். ஓர் ஆட்டிலிருந்து ஒரு கத்தரிப்பில் முந்நூறு கிராமுக்கு மேல் எனக்குக் கிடைப்பது அரிது. ஆகவே எண்பது கிலோ என்பது எத்தனை ஆடுகள், எத்தனை காலைப் பொழுதுகள் என்று முன்பே கணக்கிட்டு, அதற்கேற்பத்தான் இப்போது முன்பணம் வாங்குகிறேன்.

மெரினோவுக்கு எழுதிய செய்முறையை நாட்டுக் கம்பளிக்குப் பின்பற்றுவது

காணொளிகளில் இருபது நிமிடத்தில் ஒரு சால்வை முடிந்துவிடுகிறது என்றால், அது இருபத்து நான்கு மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளி. நம்முடையது தடித்தது, உள்ளே துளையுள்ள விறைப்பான மயிரும் அதில் கலந்திருக்கிறது. அது மெதுவாகத்தான் சடைபிடிக்கும், பிடித்த பிறகும் கழுத்தில் குத்தத்தான் செய்யும். இதற்குப் பயந்து பாதிக்குப் பாதி இறக்குமதி மெரினோ கலந்து, ‘உள்ளூர்க் கம்பளி’ என்று சீட்டு ஒட்டி விற்பவர்களை நான் பார்க்கிறேன். அது வாங்குபவரை ஏமாற்றுவது மட்டுமன்று. மேய்ப்பரின் கம்பளியில் பாதியைத் தேவையற்றதாக்கும் செயலும் ஆகும். தடித்த கம்பளிக்குரிய பொருள்கள் வேறு. தரை விரிப்பு, இருக்கை, செருப்பின் உட்தடுக்கு, பை, கூரைக்கு அடியில் போடும் வெப்பத் தடுப்பு ஆகியவற்றில் மெரினோவை இது தோற்கடித்துவிடும். கழுத்துக்குத் துணி செய்ய வேண்டும் என்ற ஆசையை விடாதவர்கள் பருத்திப் பக்கம் போகலாம்.

கறுப்புக் கம்பளிக்குச் சாயம்

வேண்டாம்.

அலசும் நீரை ஆறவிடுவது

முதலில் ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். ஆட்டின் காய்ந்த வியர்வை உப்புகள் அதிலேயே கரைந்துவிடும். சாம்பல் சத்து நிறைந்த அந்த நீரை மரத்துக்கு ஊற்றலாம். அடுத்து, பூந்திக்கொட்டை நீரையோ மென்மையான சோப்பையோ சேர்த்து, அறுபது டிகிரி அளவுச் சூட்டில் இருபது நிமிடம் அசைக்காமல் மூழ்கவிட்டு எடுக்க வேண்டும். இங்கே நேரும் பிழை, நீர் தானாக ஆறும்வரை காத்திருப்பது. கம்பளி மெழுகு ஏறத்தாழ நாற்பது டிகிரியில் உருகுவதால், நீர் அதற்குக் கீழே ஆறினால் கரைந்த பிசுக்கு முழுவதும் திரும்ப இழையில் படிந்துவிடும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சலவைச் சோடாவைக் கைநிறையக் கொட்டுவதும் கூடாது. காரம் மிகுந்தால் அது சுண்ணாம்புப் பசையின் வேலையையே செய்யும்.

சுருக்கத்தைக் கூட்டல் கணக்கில் போடுவது

நூற்றுக்கு நாற்பது சுருங்கும் கம்பளியில் அறுபது சென்டிமீட்டர் விரிப்பு வேண்டுமென்றால், அறுபதோடு அதன் நாற்பது சதவீதத்தைக் கூட்டி எண்பத்து நான்கு சென்டிமீட்டரில் விரிக்கிறார்கள். அது சுருங்கி முடியும்போது ஐம்பது சென்டிமீட்டரே தேறும். அறுபதை 0.6-ஆல் வகுக்க வேண்டும். விடை நூறு சென்டிமீட்டர். நீளம் ஒரு அளவிலும் அகலம் வேறு அளவிலும் சுருங்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு மந்தைக் கம்பளிக்கும் பத்து அங்குல மாதிரி ஒன்று செய்து, இரண்டு பக்கமும் அளந்து, மந்தையின் ஊரையும் கத்தரித்த மாதத்தையும் அதன்மேல் எழுதி மாட்டிவைக்கிறேன். பட்டறைச் சுவரில் இப்போது அப்படி அறுபதுக்கு மேல் தொங்குகின்றன. மூட்டையோடு வந்த இருவரையும் முதல் நாள் அந்தச் சுவரின் முன்தான் உட்கார வைத்தேன்.

வேப்பிலையை நம்பிச் சேமிப்பது

அந்துப்பூச்சியின் புழுவைத் தடுக்க வேப்பிலையை மட்டும் நம்பியிருக்க முடியாது. கழுவாத கம்பளியைக் கழுவியதோடு சேர்த்து வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததைக் காற்றுப் புகாத உறையில் கட்டி, மாதம் ஒரு முறை வெயிலில் விரித்து உதறி, மடிப்புகளுக்குள் புழு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மறுபடி கட்டி வையுங்கள்.