ஆயக்காரர் மேசையில் மத்தேயு யார்?

ஆயக்காரராக, அதாவது வரி வசூலிப்பவராக, இருந்த மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைக்கும் பைபிள் காட்சிதான் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’. அந்த ஓவியத்தைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் காரியம், மேசையைச் சுற்றியிருக்கும் ஐந்து பேரில் மத்தேயு யார் என்று தேடுவது. தாடிக்காரர் விரலை நீட்டி ‘நானா?’ என்கிறார். சரி, இவர்தான் என்று முடித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். அந்த விரலைக் கிட்டத்தில் பாருங்கள். அது அவர் நெஞ்சில் படவில்லை. மேசைக் கோடியில் தலை கவிழ்ந்து காசிலேயே கண்ணாக இருக்கும் இளைஞனைக் காட்டி ‘இவனையா?’ என்று கேட்பதுபோலவும் இருக்கிறது. அறிஞர்களிடையே இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இந்த ஓவியம் இருக்கும் சிற்றாலயத்தின் மற்ற இரண்டு கரவாஜியோ ஓவியங்களிலும் மத்தேயுவுக்குத் தாடி உண்டு என்பதால் என் ஓட்டு தாடிக்காரருக்கு. இளைஞன் கட்சியை அதற்காகத் தள்ளிவிடவும் மனமில்லை.

சுவரில் ஜன்னல் இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் அதன் வழியாக வருகிறது என்று எழுதுவது இன்னொரு தவறு. அந்த ஜன்னல் மங்கிக் கிடக்கிறது. ஒளி வலப்பக்கம், இயேசுவின் தலைக்கு மேலிருந்து சரிந்து இறங்குகிறது. ஏன் அங்கிருந்து? ஃபோன் திரையில் இது பிடிபடாது. 1599–1600இல் வரைந்த, ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் உயரமுள்ள இந்த ஓவியம், ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயத்தில், கொந்தரெல்லி சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. நிஜ ஜன்னல் பீடத்துக்கு மேலே, அதாவது ஓவியத்துக்கு வலப்பக்கம். கட்டடத்தின் வெளிச்சமே படத்துக்குள் தொடர்வதுபோலத் தீட்டியிருக்கிறார். வாசலில் நின்று பார்ப்பவருக்கு மிக அருகில் இருப்பது யார் தெரியுமா? அந்தக் காசு இளைஞன். இயேசுதான் தூரத்தில்.

முன்னால் முதுகு காட்டி நிற்பவரை இயேசு என்று நினைத்துவிட வேண்டாம், அவர் இயேசுவின் சீடர் பேதுரு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பேதுரு பிறகு சேர்க்கப்பட்டவர் என்று தெரிந்தது. இயேசுவை அவர் பாதி மறைத்துவிட, பளிச்சென்று தெரிவது முகமும் நீட்டிய கையும்தான்.

அந்தக் கை, வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ‘ஆதாமின் படைப்பு’ ஓவியத்தில் வரும் கடவுளின் கை என்று அடிக்கடி சொல்கிறார்கள். மணிக்கட்டு தளர்ந்திருப்பதைக் கவனியுங்கள், அது ஆதாமின் கை. இயேசுவை இரண்டாம் ஆதாம் என்று சொல்லும் கிறிஸ்தவ மரபு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். (கரவாஜியோவின் இயற்பெயரும் மைக்கேலாஞ்சலோதான், மைக்கேலாஞ்சலோ மெரிசி. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு.)

இது சுவரோவியம் அல்ல, துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியம். ஆயக்காரர்கள் இறகுத் தொப்பியோடு இருப்பது ஓவியரின் அறியாமையும் அல்ல. மேசையில் இருப்பவர்களுக்குத் தன் காலத்து ரோம் நகர உடையைப் போட்டுவிட்டு, இயேசுவுக்கும் பேதுருவுக்கும் மட்டும் பழைய அங்கியும் வெறுங்காலும் கொடுத்திருக்கிறார்.

அப்புறம், பகிரும்போது படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள். இயேசுவின் கை இன்னும் மேசைப்பக்கம் நீண்டிருக்கிறது, கீழே இருட்டில் அவர் பாதங்கள் அதற்குள் புறப்படத் திரும்பிவிட்டன.